முதல் வரிக்கு முன்: ரஸ்ட் மொழிக்காக ஒரு கணினி ஆயத்தமாகும் விதம்

ஒரு புதிய நிரலாக்க மொழியைக் கற்பிக்கும் நூல்களில் பல, அம்மொழியைக் கணினியில் நிறுவும் வேலையை முன்னுரைக்கும் முதல் பாடத்துக்கும் இடையில் அரைப் பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன. கற்க வருபவர் முதலில் தடுமாறும் இடமோ அந்த அரைப் பக்கம்தான். கட்டளையைத் தட்டச்சு செய்ததும் அப்படியொரு கட்டளை இல்லை என்று கணினி கைவிரிக்கும்போது, தவறு தம்முடையது என்றே புதியவர் எண்ணிக்கொள்கிறார். மொழியின் இலக்கணத்தில் ஒரு விதியைக்கூடத் தொடாத நிலையிலேயே, இது தமக்கு எட்டாத துறை என்ற முடிவுக்கும் சிலர் வந்துவிடுகின்றனர். வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவாக்கப்பட்டு, இன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் கருவிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளத் தவறுவதே அத்தடைகளுக்குக் காரணம். அந்த அடுக்குகளை அறிந்தவருக்கு ஒவ்வொரு பிழைச் செய்தியும் எங்கிருந்து எழுகிறது என்பது விளங்கிவிடும்.

நிரலை எழுதவும், அதைக் கணினி இயக்கக்கூடிய வடிவுக்கு மாற்றவும், அதில் உள்ள பிழைகளைத் தேடவும், பிறர் எழுதிய நிரல்களைத் தருவித்துப் பயன்படுத்தவும் தேவைப்படும் கருவிகளின் தொகுதி மேம்பாட்டுச் சூழல் எனப்படுகிறது. ஒரு மொழியின் இயல்பை அதன் சொற்றொடரமைப்பு எந்த அளவுக்குக் காட்டுகிறதோ, அதே அளவுக்கு அதன் மேம்பாட்டுச் சூழலும் காட்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு. அதை ஆராய ரஸ்ட் மொழி மிகவும் ஏற்றது. ஏனெனில் பிறர் எழுதிய நிரல்பொதிகளைத் தருவித்துத் தரும் அதன் பொதி மேலாளர் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது அன்று, மொழியோடு சேர்த்தே சிந்திக்கப்பட்டது.

பழைய அடுக்குகள்

1949 மே மாதத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியில், டேவிட் வீலர் எழுதிய 31 ஆணைகள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. துளையிட்ட காகித நாடாவிலிருந்து நிரலைப் படித்து நினைவகத்தில் ஏற்றுவதே அவற்றின் வேலை. அக்கணினியைச் சுற்றி, அடிக்கடி தேவைப்படும் கணக்கீடுகளுக்கான துணை நிரல்கள் தனித்தனி நாடாக்களில் துளையிடப்பட்டு ஓர் அலமாரியில் அடுக்கிவைக்கப்பட்டன. நிரல் எழுதுபவர் தமக்கு வேண்டியவற்றை எடுத்து நகலெடுத்துத் தம் நாடாவோடு சேர்த்துக்கொள்வார். நிரலகம் என்று இன்று வழங்கும் கருத்து, அதாவது பிறர் ஒருமுறை எழுதிவைத்ததை மற்றவர் எடுத்தாளும் முறை, அங்கே கையால் தொட்டு எடுக்கக்கூடிய பொருளாகவே இருந்தது. அந்த நாடாத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும்போது நினைவக முகவரிகள் மாறுவதால் அவற்றைத் திருத்திப் பொருத்தவேண்டிய தேவை எழுந்தது. பின்னாளில் இணைப்பி, அதாவது லிங்கர், என்ற தனிக் கருவியின் பொறுப்பாக அமைந்தது இந்த வேலைதான்.

மனிதர் படிக்கக்கூடிய மூல நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் தொகுப்பி, அதாவது கம்பைலர், 1950களில் உருப்பெற்றது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சி மொழி தோன்றியபோது தொகுப்பியும் இணைப்பியும் தனித்தனி நிரல்களாக நிலைபெற்றிருந்தன. பெரிய நிரல்கள் பல கோப்புகளாகப் பிரிக்கப்பட்டதால், மாற்றம் செய்யப்பட்ட கோப்பை மீண்டும் தொகுக்க மறந்துவிட்டு, ஏற்கெனவே சரிசெய்துவிட்ட பிழையை மணிக்கணக்கில் தேடும் அவலம் அங்கே நிகழ்ந்தது. அதற்குத் தீர்வாக 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்பதைக் கணித்து வேண்டியவற்றை மட்டும் மறுபடி தொகுக்கும் மேக் என்னும் கருவியை எழுதினார். 1983இல் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல் எடிட்டரையும் தொகுப்பியையும் ஒரே நிரலுக்குள் வைத்து, ஒரு விசையை அழுத்தினால் நிரல் ஓடும் வசதியைத் தனிநபர் கணினிகளுக்குக் கொண்டுவந்தது.

ஆயினும் சி, சி++ ஆகிய மொழிகளின் சர்வதேசத் தரநிர்ணயங்கள் மொழியின் இலக்கணத்தையும் அடிப்படை நிரலகத்தையும் மட்டுமே வரையறுத்தன. நிரலை எப்படித் தொகுப்பது, பிறருடைய நிரலகத்தை எங்கிருந்து பெறுவது, எந்தப் பதிப்பைப் பெறுவது என்பவற்றை அவை சொல்லவில்லை. இந்த வெற்றிடத்தை ஒவ்வொரு இயங்குதளமும் தன் போக்கில் நிரப்பிக்கொண்டதன் விளைவாக, ஒரே நிரலை மூன்று இயங்குதளங்களில் தொகுப்பதற்கு மூன்று விதமான ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. ரஸ்ட் மொழியின் வடிவமைப்பாளர்கள் எதிர்கொண்ட உலகம் இதுதான்.

ரஸ்ட் மொழியை மோசில்லா நிறுவனத்தில் பணியாற்றிய கிரேடன் ஹோர் 2006இல் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கினார். 2009இல் அந்நிறுவனம் அதை ஆதரிக்க முன்வந்தது. பயன்படுத்தி முடிந்த நினைவகத்தைத் தேடித் தேடி விடுவிக்கும் துணைநிரல் ஏதும் இயங்காமலேயே, நினைவகத்தைத் தவறாகக் கையாளும் நிரல்களைத் தொகுக்கும் நிலையிலேயே தடுத்துவிட முடியும் என்பது அம்மொழியின் மையக் கருத்து. அதன் முதல் தொகுப்பி ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. 2011 முதல் ரஸ்ட் தொகுப்பி ரஸ்ட் மொழியிலேயே எழுதப்பட்டுத் தன்னைத் தானே தொகுத்துக்கொள்கிறது. 2014இல் யெஹுதா காட்ஸ், கார்ல் லெர்ச் ஆகியோர் கார்கோ என்னும் பொதி மேலாளரை உருவாக்கினர். மொழியின் 1.0 பதிப்பு 2015 மே 15 அன்றுதான் வெளிவந்தது. மொழி முழுமை பெறுவதற்கு முன்பே அதன் பொதி மேலாளர் வந்துவிட்டது என்ற இந்தக் கால வரிசையைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் ரஸ்ட் பரவியதற்கு அதன் நினைவகப் பாதுகாப்பைப் போலவே இந்த முடிவும் காரணம் என்று துணிந்து கூறலாம்.

நிறுவும்போது நிகழ்வது

ரஸ்ட் மொழியை நிறுவுவதற்கு ரஸ்டப் என்ற கருவி வழங்கப்படுகிறது. லினக்ஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் டெர்மினல் எனப்படும் கட்டளைச் சாளரத்தில் ஒரு வரியை இட்டால், இணையத்திலிருந்து ஒரு சிறு நிரல் இறங்கி உடனே இயங்கத் தொடங்கும். விண்டோஸ் இயங்குதளத்துக்குத் தனி நிறுவுக் கோப்பு உண்டு. இணையத்திலிருந்து வரும் ஒன்றைப் படித்துப் பார்க்காமல் அப்படியே இயக்குவது நல்ல பழக்கமா என்ற கேள்வி நியாயமானது. அந்த இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதால் வழியில் எவரும் அதை மாற்றிவிடுவது கடினம். எனினும் ஐயமுள்ளவர் அந்தக் கோப்பை முதலில் இறக்கி, படித்துப் பார்த்தபின் இயக்குவதே முறை. லினக்ஸ் வெளியீடுகள் தம் சொந்தக் களஞ்சியங்கள் வழியாகவும் ரஸ்டைத் தருகின்றன. ஆனால் ரஸ்ட் மொழியின் நிலையான பதிப்பு ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருவதால், அக்களஞ்சியங்களில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பாகவே இருக்கும். புதிதாகக் கற்பவர் ரஸ்டப் வழியையே தேர்வது நல்லது.

ரஸ்டப் நிறுவுவது ஒரு தனி நிரலை அன்று, ஒரு கருவித்தொகுதியை. தொகுப்பியான ரஸ்ட்சி, பொதி மேலாளரான கார்கோ, அடிப்படை நிரலகம், நிரலைச் சீரான வடிவில் அமைத்துத் தரும் ரஸ்ட்எஃப்எம்டி, தவறாகப் போகக்கூடிய பழக்கங்களைச் சுட்டிக்காட்டும் கிளிப்பி, ஆவணங்கள் ஆகியவை அதில் அடங்கும். நிலையான பதிப்பு, அடுத்து வரவிருக்கும் சோதனைப் பதிப்பு, ஒவ்வொரு இரவும் கட்டமைக்கப்படும் இரவுப் பதிப்பு என மூன்று வரிசைகளில் இத்தொகுதிகள் கிடைக்கின்றன. ஒரே கணினியில் மூன்றும் ஒன்றுக்கொன்று இடையூறின்றி இருக்கலாம். அதற்கு ரஸ்டப் கையாளும் உத்தி நுட்பமானது. பயனரின் கோப்புறைக்குள் 'கார்கோ' என்ற மறைகோப்புறையில் 'பின்' என்னும் உட்கோப்புறை ஒன்று உருவாகிறது. அதில் ரஸ்ட்சி, கார்கோ என்ற பெயர்களில் கோப்புகள் காணப்படும். அவை உண்மையான தொகுப்பியோ பொதி மேலாளரோ அல்ல. எல்லாமே ரஸ்டப் நிரலுக்கான வெவ்வேறு பெயர்கள். எந்தப் பெயரில் தன்னை அழைத்தார்கள் என்பதைப் பார்த்து, அந்த வேலைக்கு எந்தப் பதிப்பு பொருந்தும் என்பதைத் தீர்மானித்து, வேறொரு கோப்புறையில் இருக்கும் உண்மையான கருவியிடம் ரஸ்டப் பொறுப்பை ஒப்படைக்கிறது.

இந்த இடத்தில்தான் புதியவர்களைக் கலங்கடிக்கும் முதல் பிழை எழுகிறது. நிறுவும் வேலை வெற்றிகரமாக முடிந்தது என்று திரையில் செய்தி வந்தபின், அதே சாளரத்தில் 'கார்கோ' என்று தட்டச்சு செய்தால், அக்கட்டளை கிடைக்கவில்லை என்ற பதில் வருகிறது. இதன் காரணம் பாத் என்னும் சூழல் மாறியில் உள்ளது. சூழல் மாறி என்பது இயங்கும் ஒவ்வொரு நிரலோடும் கூடவே செல்லும் பெயரும் மதிப்பும் கொண்ட குறிப்பு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பிலிருந்து பாத் என்ற மாறி இன்றைய வடிவில் வழக்கில் உள்ளது. கோப்புறைகளின் பெயர்கள் அதில் வரிசையாக, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் முக்காற்புள்ளியாலும் விண்டோஸில் அரைப்புள்ளியாலும் பிரிக்கப்பட்டு, எழுதப்பட்டிருக்கும். பயனர் ஒரு கட்டளையை இட்டதும், கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றும் ஷெல் நிரல், அந்த வரிசையில் இடமிருந்து வலமாக ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்து, அப்பெயரில் ஓர் இயங்கு கோப்பு முதலில் எங்கே தென்படுகிறதோ அதை இயக்குகிறது. எங்கும் தென்படாவிட்டால் கட்டளை கிடைக்கவில்லை என்கிறது. கணினியின் வட்டில் அந்த நிரல் பத்திரமாக இருந்தாலும், பட்டியலில் அதன் கோப்புறை இல்லையென்றால் ஷெல்லைப் பொறுத்தவரை அது இல்லாத நிரல்தான்.

ரஸ்டப் தன் கோப்புறையை அப்பட்டியலில் சேர்க்கத்தான் செய்கிறது. ஆனால் ஷெல் தொடங்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்புகளில், விண்டோஸில் என்றால் இயங்குதளத்தின் பதிவேட்டில், அதை எழுதிவைக்கிறது. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தான் பிறந்த நேரத்தில் தாய் நிரலிடமிருந்து சூழல் மாறிகளின் நகலைப் பெறுகிறது. பின்னர் மூலத்தில் செய்யப்படும் மாற்றம் அந்த நகலை எட்டுவதில்லை. கல்யாணப் பத்திரிகைகள் அச்சாகி வீடுவீடாகச் சென்றபின் அச்சகத்தில் மண்டபத்தின் பெயரைத் திருத்தினால், கையில் இருக்கும் பத்திரிகை மாறாதது போன்றது இது. ஆகவே சாளரத்தை மூடிப் புதிதாகத் திறந்தால் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. எடிட்டரின் உள்ளே திறக்கப்படும் டெர்மினலில் மட்டும் சிக்கல் நீடிக்குமானால், அந்த எடிட்டரே பழைய நகலோடு இயங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதையும் மூடித் திறக்க வேண்டும். கணினியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் தரும் அறிவுரை பலிப்பதன் காரணமும் இதுவே. காரணம் தெரிந்தவருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவையில்லை.

சி மொழியிடமிருந்து வந்த பொறுப்பு

இரண்டாவது தடை இணைப்பி. ரஸ்ட் தொகுப்பி மூல நிரலைப் படித்து, அதன் வகைகளையும் நினைவக உரிமை விதிகளையும் சரிபார்த்தபின், அதை ஓர் இடைநிலை வடிவமாக மாற்றி எல்எல்விஎம் என்ற தொகுப்பிக் கட்டமைப்பிடம் தருகிறது. 2000இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஆத்வேயின் வழிகாட்டுதலில் கிறிஸ் லாட்னர் தொடங்கிய ஆய்வே எல்எல்விஎம். ஸ்விஃப்ட், ஜூலியா போன்ற பல மொழிகள் இன்று அதன்மேல் நிற்கின்றன. அது இயந்திர ஆணைகள் அடங்கிய துண்டுக் கோப்புகளைத் தருகிறது. இத்துண்டுகளைப் பிணைத்து, இயங்குதளத்தின் அடிப்படை நிரலகங்களோடு பொருத்தி, ஒரே இயங்கு கோப்பாக ஆக்குவது இணைப்பியின் பொறுப்பு. ரஸ்டப் நிறுவும் தொகுதியில் இந்தக் கடைசிக் கட்டத்துக்கான எல்லாமும் அடங்குவதில்லை. லினக்ஸில் 'சிசி' என்ற பெயரில் சி தொகுப்பி இருக்கவேண்டும் என்று ரஸ்ட் எதிர்பார்க்கிறது. அது இல்லாவிட்டால் 'சிசி' என்ற இணைப்பி கிடைக்கவில்லை என்ற செய்தியோடு வேலை நின்றுவிடும். உபுண்டு, டெபியன் வெளியீடுகளில் 'பில்ட்-எசென்ஷியல்' என்ற பொதியை நிறுவினால் இது தீரும். மேக் இயங்குதளத்தில் ஆப்பிள் வழங்கும் கட்டளை வரிக் கருவிகளை நிறுவ வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டூடியோ கட்டமைப்புக் கருவிகள் தேவைப்படுகின்றன. அவை பல ஜிகாபைட் இடத்தைப் பிடிக்கும் என்பதால், இணைய வசதி குறைந்த இடத்தில் பாடம் நடத்துபவர் இதை முன்கூட்டியே இறக்கிவைத்திருப்பது அவசியம்.

ரஸ்ட் மொழியைக் கற்க வந்தவர் சி மொழியின் கருவியை ஏன் நிறுவ வேண்டும் என்று வியப்பது இயல்பு. இயங்குதளங்கள் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டவை. நிரல் தொடங்கும் விதம், கோப்பைத் திறக்கும் விதம், திரையில் எழுதும் விதம் எல்லாம் பெரும்பாலும் சி மொழியின் அடிப்படை நிரலகம் வழியாகவே வெளியுலகுக்குத் திறந்துவைக்கப்பட்டுள்ளன. அந்த நிரலகம் எந்தக் கோப்புறையில் உள்ளது, எந்தத் தொடக்கத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும் என்ற விவரங்களை அந்தக் கணினியின் சி தொகுப்பியே அறிந்திருக்கிறது. எனவே ரஸ்ட் அதனிடம் கேட்டுச் செய்கிறது. 2025 செப்டம்பரில் வந்த 1.90 பதிப்பு முதல், பரவலாகப் புழங்கும் 64 பிட் லினக்ஸ் கணினிகளில் ரஸ்ட் தன்னோடு வரும் வேகமான இணைப்பியையே பயன்படுத்துகிறது. அப்போதும் அதை இயக்குவிப்பது 'சிசி' வழியாகத்தான். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மொழியின் சுவடு இன்றைய மொழிகள் பலவற்றின் அடித்தளத்திலும் இருப்பதை, நிறுவும்போது எழும் இந்த ஒற்றைப் பிழைச் செய்தியைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டிவிடாது.

முதல் திட்டமும் ஒரு தமிழ்ச் சொல்லும்

கருவிகள் எல்லாம் பொருந்திவிட்டனவா என்று அறிய ஒரு சிறு திட்டத்தை உருவாக்கிப் பார்ப்பதே வழி. 'கார்கோ நியூ' என்ற கட்டளையோடு ஒரு பெயரைத் தந்தால், அப்பெயரில் ஒரு கோப்புறையும், அதற்குள் திட்டத்தின் பெயர், பதிப்பு, சார்புகள் ஆகியவற்றைப் பதியும் 'கார்கோ.டாம்ல்' என்ற கோப்பும், வாழ்த்துச் செய்தி ஒன்றை அச்சிடும் நிரலும் தோன்றுகின்றன. 'கார்கோ ரன்' என்று இட்டதும் தொகுத்தல், இணைத்தல், இயக்குதல் மூன்றும் அடுத்தடுத்து நடந்து வாழ்த்து திரையில் வந்துவிட்டால், மேலே சொன்ன அடுக்குகள் அனைத்தும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று உறுதியாகக் கொள்ளலாம்.

வாழ்த்துச் செய்தியை அச்சிடுவதோடு நின்றுவிடாமல், 'தமிழ்' என்ற சொல்லை ஒரு சரமாக, அதாவது எழுத்துகளின் தொடராக, எழுதி அதன் நீளத்தைக் கேட்பது இன்னும் பயனுள்ள சோதனை. ரஸ்ட் தரும் முதல் விடை 15. சரங்களை அது யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கிறது. அம்முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைப் பெறுகிறது. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அச்சொல்லில் 5 யூனிகோடு குறிகள் இருப்பதால் 15 பைட்டுகள் ஆகின்றன. சரத்தின் குறிகளை எண்ணும்படி கேட்டால் 5 என்ற விடை வரும். பள்ளிக் குழந்தையைக் கேட்டால் த, மி, ழ் என்று 3 எழுத்துகளைச் சொல்லும். மூன்று விடைகளும் சரியே; எதை அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் நீளம் கேட்கக்கூடாது என்பதை ரஸ்ட் முதல் நாளிலேயே உணர்த்திவிடுகிறது.

ஆனால் 3 என்ற விடையைத் தரும் வசதி ரஸ்ட் மொழியின் அடிப்படை நிரலகத்தில் இல்லை. எழுத்துகளின் எல்லையை வகுக்கும் யூனிகோடு விதிகள் பெரிய அட்டவணைகளைக் கோருபவை என்பதோடு, காலந்தோறும் திருத்தப்படுபவை. அவற்றை மொழியோடு பிணைக்காமல் தனிப் பொதியாக விட்டுவைப்பது என்று வடிவமைப்பாளர்கள் முடிவு செய்தனர். ஆகவே இந்தச் சோதனை இயல்பாகவே பொதி மேலாளரிடம் கொண்டுசெல்கிறது. 'கார்கோ ஆட்' என்ற கட்டளையோடு 'யூனிகோடு-செக்மென்டேஷன்' என்ற பொதியின் பெயரைத் தந்தால், கிரேட்ஸ்.ஐஓ என்ற பொதுக் களஞ்சியத்தில் அதன் அண்மைப் பதிப்பு தேடப்பட்டு, 'கார்கோ.டாம்ல்' கோப்பில் ஒரு வரி சேர்கிறது. அடுத்த முறை நிரலைத் தொகுக்கும்போது அந்தப் பொதி இறக்கப்பட்டு, தொகுக்கப்பட்டு, நிரலோடு இணைக்கப்படுகிறது. அப்பொதியைக் கொண்டு எழுத்துகளை எண்ணும்படி நிரலில் கேட்டால், இப்போது திரையில் 3 என்ற விடை கிடைக்கும். எட்சாக் காலத்து அலமாரியிலிருந்து நாடாவை எடுத்துச் சேர்த்த அதே வேலை இங்கே சில நொடிகளில் முடிகிறது.

அந்த எளிமைக்குப் பின்னால் உள்ள கவனம் பெரிது. 'கார்கோ.டாம்ல்' கோப்பில் உள்ள வரி ஒரு பதிப்பு எல்லையை மட்டுமே சொல்கிறது, உதாரணமாக 1.10 என்று எழுதினால், 1.10 அல்லது அதற்கு மேற்பட்ட, ஆனால் 2.0ஐ எட்டாத எந்தப் பதிப்பும் ஏற்கத்தக்கது என்று பொருள். பதிப்பின் முதல் எண் மாறினால்தான் பழைய நிரல்கள் உடையக்கூடும் என்ற பொது உடன்பாட்டின்மேல் இம்முறை நிற்கிறது. உண்மையில் எந்தப் பதிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டது என்பது 'கார்கோ.லாக்' என்ற இன்னொரு கோப்பில், அப்பொதியின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட சரிபார்ப்புத் தொகையுடன் பதியப்படுகிறது. திட்டத்தோடு இந்தக் கோப்பையும் சேர்த்துப் பகிர்ந்தால், வேறொரு ஊரில், வேறொரு கணினியில் தொகுப்பவருக்கும் அதே பொதிகளே கிடைக்கும். இடையில் எவரேனும் பொதியை மாற்றியிருந்தால் தொகை பொருந்தாமல் வேலை நின்றுவிடும்.

இந்த ஏற்பாடுகளின் அருமையை 2016 மார்ச் மாதத்து நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பொதுக் களஞ்சியத்திலிருந்து 'லெஃப்ட்-பேட்' என்ற 11 வரிப் பொதியை அதன் ஆசிரியர் நீக்கியபோது, அதை நேரடியாகவோ மறைமுகமாகவோ சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்களைத் தொகுக்க முடியாமற்போனது. களஞ்சியத்தை நடத்தியவர்கள் அதை மீட்டுவைத்தபிறகே நிலைமை சீரானது. ரஸ்ட் மொழியின் களஞ்சியத்தில் ஒரு பதிப்பைத் திரும்பப் பெற்றால், புதிய திட்டங்கள் அதைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே தடுக்கப்படும், ஏற்கெனவே 'கார்கோ.லாக்' கோப்பில் பதிந்தவர்களுக்கு அது தொடர்ந்து கிடைக்கும். ஒருவரின் முடிவு பலரின் வேலையை ஒரே நாளில் முடக்கக்கூடாது என்ற கொள்கை இங்கே கருவியின் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

தமிழ்ச் சொல்லை அச்சிடும்போது இன்னொரு குழப்பமும் நேரலாம். திரையில் இகரக் குறி மகரத்தை விட்டு விலகியோ, எகரக் கொம்பு இடம் மாறியோ, எழுத்துகள் வெறும் கட்டங்களாகவோ தோன்றலாம். டெர்மினல்கள் ஒவ்வொரு குறிக்கும் சம அகலமுள்ள ஒரு கட்டத்தை ஒதுக்கும் பழைய முறையைப் பின்பற்றுவதே இதற்குக் காரணம். குறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறும் எழுத்துமுறைகளுக்கு அம்முறை பொருந்துவதில்லை. நிரலின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி, அதைத் தமிழை நன்கு காட்டும் ஒரு மென்பொருளில் திறந்து பார்த்தால், எழுத்துகள் ஒழுங்காக இருப்பது தெரியவரும். குறை திரையில்தான், நிரலில் இல்லை. 2021 ஜூனில் வெளியான 1.53 பதிப்பு முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயரிட ரஸ்ட் இடம் தருகிறது. கூட்டாகப் பலர் எழுதும் பெரிய திட்டங்களில் அது வழக்கமாவதற்கு நாளாகலாம். பள்ளி மாணவர்களுக்கு அல்காரிதங்களைக் கற்பிக்கும் இடத்தில் அந்த வசதியை இன்றே பயன்படுத்திக்கொள்ளலாம்.

எடிட்டர்

நிரலை எழுதுவதற்கு எளிய உரை எடிட்டரே போதுமானது என்றாலும், எழுத எழுதவே பிழைகளைச் சுட்டவும், ஒரு பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது என்று காட்டவும் வல்ல எடிட்டர்கள் இன்று பரவலாகிவிட்டன. ஒரு காலத்தில் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழியையும் தனித்தனியே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பத்து எடிட்டர்களும் இருபது மொழிகளும் இருந்தால் இருநூறு இணைப்புகளை எழுதவேண்டிய நிலை. 2016இல் மைக்ரோசாஃப்ட் பொதுவெளியில் வைத்த மொழிச் சேவையக நெறிமுறை இதை மாற்றியது. மொழியை அறிந்த ஒரு நிரல் பின்னணியில் சேவையகமாக இயங்கும். எடிட்டர் அதனிடம் வரையறுக்கப்பட்ட வடிவில் கேள்வி கேட்கும். மொழிக்கு ஒரு சேவையகமும், எடிட்டருக்கு ஒரு முறை அந்நெறிமுறையைக் கற்பிப்பதும் போதும். புதிய மொழிகளுக்கு இது பெரும் பேறு; பயனர்கள் குறைவாக உள்ள ஒரு மொழியும் ஒரே ஒரு சேவையகத்தை எழுதி எல்லா முன்னணி எடிட்டர்களிலும் நுழைந்துவிட முடிகிறது. ரஸ்ட் மொழிக்கு ரஸ்ட்-அனலைசர் என்ற சேவையகம் இந்தப் பணியைச் செய்கிறது. திட்டத்தையும் அதன் சார்புகளையும் முழுவதும் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வதால், நினைவகம் குறைந்த பழைய மடிக்கணினிகளில் அது கனமாகவே தோன்றும். அத்தகைய கணினியில் கற்பவர் அதைத் தவிர்த்துவிட்டு, தொகுக்காமல் பிழைகளை மட்டும் சரிபார்க்கும் 'கார்கோ செக்' கட்டளையை டெர்மினலில் பயன்படுத்தினால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார். எப்படியாயினும் முதல் சில நாட்கள் டெர்மினலிலேயே தொகுத்துப் பழகியபின் எடிட்டரின் வசதிகளுக்குப் போவதே சிறந்த வரிசை. எடிட்டரில் ஒன்று பழுதானால் பழுது மொழியிலா, சேவையகத்திலா, எடிட்டரிலா என்று பிரித்தறியும் திறன் அப்போதுதான் கைவரும்.

நிறுவிய சூழல் காலப்போக்கில் மாறும் என்பதையும் ரஸ்ட் கணக்கில் எடுத்துக்கொண்டுள்ளது. 2015, 2018, 2021, 2024 என்று பெயரிடப்பட்ட வெளியீட்டுத் தொகுப்புகளில் மொழியின் விதிகள் சில மாறியுள்ளன. ஆனால் ஒவ்வொரு திட்டமும் தான் எந்தத் தொகுப்பைப் பின்பற்றுகிறது என்பதை 'கார்கோ.டாம்ல்' கோப்பில் அறிவிப்பதால், இன்றைய தொகுப்பி பழைய விதிகளில் எழுதப்பட்டவற்றையும் ஏற்கிறது, வெவ்வேறு தொகுப்புகளில் எழுதப்பட்ட பொதிகள் ஒரே நிரலில் இணையவும் செய்கின்றன. தொகுப்பியின் பதிப்பையே உறுதி செய்ய விரும்பும் திட்டம், 'ரஸ்ட்-டூல்செயின்.டாம்ல்' என்ற கோப்பில் அதை எழுதிவைத்தால், அக்கோப்புறைக்குள் இடப்படும் கட்டளைகளுக்கு ரஸ்டப் அந்தப் பதிப்பையே தேர்ந்தெடுக்கும்.

தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளும் தொகுப்பியை எப்படி நம்புவது என்ற கேள்வி மட்டும் எஞ்சுகிறது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், தமது டூரிங் விருது உரையில், 1984இல் அச்சில் வெளிவந்த அந்த உரையில், தொகுப்பிக்குள் மறைத்துவைக்கப்படும் தீங்கு அதன் மூல நிரலில் தடயமே இல்லாமல் தலைமுறை தலைமுறையாகத் தொடர முடியும் என்று விளக்கினார். ரஸ்ட் உலகில் இக்கவலைக்கு விடையாக, சி++ மொழியில் தனியே எழுதப்பட்ட எம்ரஸ்ட்சி என்ற மாற்றுத் தொகுப்பி உள்ளது. அதைக் கொண்டு ஒரு பழைய ரஸ்ட் தொகுப்பியைக் கட்டி, அங்கிருந்து பதிப்புக்குப் பதிப்பு ஏறி இன்றைய தொகுப்பியை அடைய முடியும். பெரும்பாலானோர் அந்த நீண்ட வழியில் செல்லப்போவதில்லை என்றாலும், அப்படி ஒரு வழி திறந்திருப்பது முக்கியம்.

ரஸ்ட் மொழியின் ஆவணங்கள் முழுவதும் கருவித்தொகுதியோடு சேர்ந்தே கணினியில் இறங்கிவிடுகின்றன. 'ரஸ்டப் டாக்' என்று இட்டால், இணைய இணைப்பு இல்லாதபோதும் அவை உலாவியில் திறக்கும். கல்லூரிகளிலும் பயிற்சி மையங்களிலும் புதிய மொழியைக் கற்பிப்பவர்கள் முதல் வகுப்பை முழுவதுமாக இந்த ஆயத்த வேலைக்கே ஒதுக்கி, ஒவ்வொரு மாணவரின் கணினியிலும் 'கார்கோ ரன்' ஒருமுறை ஓடிய பிறகே இலக்கணத்தைத் தொடங்க வேண்டும். தனியே கற்பவர், நிறுவும்போது தாம் இட்ட கட்டளைகளையும் வந்த பிழைச் செய்திகளையும் அவை தீர்ந்த விதத்தையும் ஒரு கோப்பில் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளட்டும்; அடுத்து அதே கணினி வகையில் கற்க வருபவருக்கு எந்த நூலையும் விட அக்குறிப்பே முதலில் உதவும்.